அடைமொழிக்குச் சாட்சி வேண்டாவா?

ஆங்கிலத்தில் ‘தீஃப்’ என்றால் திருடன். ‘தீவிஷ்’ என்றால்? ‘திருட்டுக் குணமுடைய’ என்று என் கையகராதி ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கும் அநீதி சிறிதன்று.

ஒருவனைத் திருடன் என்று கூறத் திருட்டு நடந்திருக்க வேண்டும். பறிபோன பொருள் வேண்டும், பறிகொடுத்தவர் வேண்டும், பார்த்த சாட்சி வேண்டும். ‘தீவிஷ்’ என்று கூற இவற்றுள் ஒன்றும் வேண்டா. கூறுபவரின் மனமே போதும்! எல்லாம் அந்த ‘இஷ்’ என்னும் ஈறு செய்யும் வேலை. ‘ஸ்காட்டிஷ்’ என்னுமிடத்து அது இனத்தைக் குறிக்கும். ‘சைல்டிஷ்’ என்னுமிடத்து இயல்பைக் குறிக்கும். ‘கிரீனிஷ்’ என்னுமிடத்தோ வெறும் சாயலைக் குறிக்கும். சாயலைக் கண்டு இயல்பென்பதும், இயல்பென்று கூறி இனத்தின் தலையில் கட்டுவதும் இதனால் எளிதாயின.

கவிஞர் கையில் இச்சொல் கேடு செய்யவில்லை. 1609இல் வெளிவந்த தம் பதினான்கடிப் பாக்களுள் ஒன்றில், ஓசையின்றி நழுவும் காலத்தின் நடைக்கு இதனை அடையாக்கினார் ஷேக்ஸ்பியர். கல்லூரியில் படித்தபோது சுவைத்த இடம் அது. காலத்தை யார் கைது செய்யப் போகிறார்கள்!

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பதிவேட்டில், நடத்தை என்னும் கட்டத்தில், சிவப்பு மையில் இதே சொல்லைக் கண்டேன். எழுதியவர் மூத்த ஆசிரியர், என்னிடம் அன்புடையவர்.

“ஐயா, இவன் எதைத் திருடினான்?” என்றேன்.

“இதுவரை ஒன்றுமில்லை தம்பி. அவன் பார்வையைக் கவனித்தீரா?” என்றார். களவை எண்ணுவதும் குற்றமென்றாரே வள்ளுவர் என்று துணைக்கும் அழைத்துக்கொண்டார். வள்ளுவர் அவரவர் நெஞ்சுக்கு வைத்த காவல் அது. அடுத்தவன் நெஞ்சைச் சோதனையிடத் தந்த ஆணையன்றே!

பார்வையின் விளக்கம் அதே பக்கத்தில் இருந்தது. தந்தையின் தொழில்: பழைய இரும்பு பொறுக்குதல்.

செல்வர் கை நீளும்போது சொல்லும் மாறிவிடும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரப் பெருங்கடைகளில் பொருளெடுத்துப் பிடிபட்ட வசதி படைத்த பெண்மணிகளுக்கு ‘கிளெப்டோமேனியா’ என்று நோய்ப்பெயர் சூட்டி மருத்துவர் பரிந்து பேசினர். ஏழைக்குக் குணம், சீமாட்டிக்கு நோய்!

ஒரு சிறுவனுக்குச் சூட்டிய அடைமொழியை ஊர் ஊராகச் சூட்டினால் என்னாகும்? சூட்டினார்கள். 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் புரிந்தவரை அன்று, குறிப்பிட்ட குடியில் பிறந்தவரைப் பிடித்தது அது. பதிவேட்டில் பெயர், தாளில் கைரேகை, இரவில் காவல் நிலையத்தில் படுக்கை! மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. பெண்ணொருத்தி உள்ளிட்ட பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுமையிலும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது.

ஆங்கிலத்தை மட்டும் குறைகூறித் தப்பிவிட முடியாது. கள்ளச் சாவி, கள்ளக் கணக்கு, கள்ளச் சந்தை என்னும்போது நம் தமிழ் செயலைச் சுட்டுகிறது, அது தகும். ‘திருட்டு முழி’ என்கிறோமே, அது எதைச் சுட்டுகிறது? பசித்தவன் முழியும், அஞ்சியவன் முழியும், அடிபட்டுப் பழகியவன் முழியும் வேறெப்படி இருக்கும்?

அந்தச் சொல்லை நீக்குமாறு தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் அடித்தல் கூடாதென்றார். அதன்கீழ் என் குறிப்பைச் சேர்க்க இசைந்தார். “இம்மாணவன்மீது எவ்விதத் திருட்டுப் புகாரும் இல்லை” என்று தமிழில் எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட்டேன். சிவப்பு மை மேலே, நீல மை கீழே. பையன் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். வகுப்புச் சந்தாவைத் திரட்டும் பொறுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறேன்.