தாய்வழித் தடை

வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தன் இந்தியக் குடியுரிமையைக் கொடுக்க, 1992 வரை தகப்பனால்தான் முடியும். அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே தாய்க்கும் அந்த உரிமை வந்தது. அதே சட்டத்தில் 2003இல் இன்னொரு திருத்தம் செய்தார்கள். பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால், 3.12.2004 முதல் இந்த மண்ணிலேயே பிறக்கும் குழந்தை குடிமகள் அல்ல.

எங்கள் சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் போனால் மொட்டமலையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. என் மாணவி ஒருத்தியின் தாய் 1990இல், ஆறு வயதில், மன்னாரிலிருந்து படகில் வந்தவர். உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிறார். மகள் பிறந்தது 2006இல். பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்ப இருவரும் என்னிடம் வந்தார்கள். சட்டம் சொல்வதை விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்த தாய் சொன்னார்: "பிள்ளைக்குக் குடுக்க என்னட்ட ஒண்டும் இல்லை எண்டுதான் நினைச்சிருந்தன் டீச்சர். இதைக் குடுத்திருக்கிறன்."

அகதித் தகப்பனுக்கும் இதே விதிதான். ஆனால் "உன்னாலதான் என் பேத்திக்கு இந்தக் கதி" என்று மாமியார் வீட்டில் கேட்பது மருமகளிடம்தான்.

இந்தியரை மணந்த வெளிநாட்டுப் பெண் ஏழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தபின் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம். விசாவோடு விமானத்தில் வந்தவளுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. குண்டுக்குப் பயந்து ஓடிவந்த தாயின் மடியில் படகேறிய சிறுமிக்கு இல்லை. அவள் வந்தநாளே அரசு அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது. மாதந்தோறும் கணக்கெடுத்து உதவித்தொகை தந்தது. அரசுக்குத் தெரிந்து, அரசு தந்த இடத்திலேயே வளர்ந்தவள் எப்படிச் சட்டவிரோதமாகக் குடியேறியவள் ஆவாள்?

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 9.1.2015 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. நல்லதுதான். தண்டனை இல்லை என்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1.7.1987க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியரே. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் திரும்பட்டும். அது அவர்கள் முடிவு. இங்கே வாழ்பவர்களுக்காக நாம் கேட்க வேண்டியவை மூன்று. அரசே பதிவு செய்த அகதியைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து நீக்க வேண்டும். இந்தியரை மணந்தவர்களுக்குப் பதிவு வழியைத் திறக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால், இங்கே பிறந்த பிள்ளையும் இந்தியராக வேண்டும். இவற்றுக்கு நாடாளுமன்றம் சில வரிகளைத் திருத்தினால் போதும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். அந்தத் தாய்க்கு வாக்கு இல்லை, நமக்கு இருக்கிறது.