பல்பு போனால் பல்பு போடு

எங்கள் மாடி வீட்டுப் பையன் போன தீபாவளிக்குக் கட்டிய சீரியல் மாலையை இன்னும் அவிழ்க்கவில்லை. ஆடி பிறந்துவிட்டது. கார்த்திகை மழை, மார்கழிப் பனி, சித்திரை வெயில் எல்லாம் பார்த்துவிட்டு, பாதி எரிந்தும் பாதி எரியாமலும் பால்கனி கிரில்லில் தொங்குகிறது. போன வாரம் இறங்கி வந்தான். "தாத்தா, ஒரு பக்கம் எரியல, கொஞ்சம் பாருங்களேன்." நாளைப் பகலில் பார்க்கிறேன் என்றேன். "வயரை முறுக்குற வேலைதானே, அதுக்கு எதுக்குப் பகல்?" என்று சிரித்தான்.

நாகப்பட்டினம் வட்டாரத்தில் முப்பத்தெட்டு வருஷம் சீரியல் கட்டியவனிடம் சொன்ன வார்த்தை இது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரை எனக்கு ராத்திரி என்பதே கிடையாது. நாகூர் கந்தூரி, அம்மன் கோயில் தீமிதி, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கிறேன். நோட்டீசில் எங்கள் பெயர் 'ஒலி ஒளி' என்று கடைசி வரியில் வரும். அதையும் எழுத்துப் பிழையோடுதான் அடிப்பார்கள். போகட்டும்.

1982இல் நாகூர் பாய் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்கப் பல்புக்குச் சாயம் முக்குவதும், காயவைப்பதும், ஹோல்டரில் ஏறிய பச்சைக் களிம்பைச் சுரண்டுவதும்தான். கடலோர ஊரில் பித்தளைக்கு ஆயுசு கம்மி. இரண்டாம் வருஷம்தான் டெஸ்டரைக் கையில் கொடுத்தார். நாற்பது பல்பு மாலையில் ஒன்று போனாலும் மொத்தமும் இருட்டு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறவனை அவர் வேலைக்காரன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். பேஸ் எந்தப் பக்கம் என்று முதலில் பார். நடு ஹோல்டரில் டெஸ்டரை வை. எரிந்தால் கோளாறு அதற்கு அப்பால், எரியாவிட்டால் இப்பால். மிச்சத்தில் மறுபடி பாதி. ஆறு தடவை தொடுவதற்குள் ஆள் சிக்கிவிடும். இரண்டு பல்பு போயிருந்தால் ஒன்றை மாற்றியபின் மறுபடி முதலிலிருந்து. அவசரக்காரனுக்கு அங்கேதான் புத்தி குறுக்கே போகும்.

எனக்கும் போனது. ஒரு முகூர்த்த மாதம், தினம் ஒரு பந்தல். பையில் மாற்றுப் பல்பு தீர்ந்துபோயிருந்தது. போன பல்பின் ஹோல்டரை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றினேன். மாலை எரிந்தது. அடுத்த பந்தலில் இன்னொன்று போனது. அதையும் அப்படியே முறுக்கினேன். நாலைந்து நாளில் ஒரே மாலையில் பத்து முறுக்கு. அதைக் கட்டிய வீட்டுப் பெரியவர் பாயைக் கூப்பிட்டு, "வாசல் மாலை மட்டும் என்னமா பளிச்சுன்னு இருக்கு!" என்று என்னையே பாராட்டினார். பாய் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை.

அன்று நடுராத்திரி தாண்டி அந்த மாலை அணைந்தது. ஒரு பல்பை மாற்றினால் இன்னொன்று போனது. விடியும்போது பாதிக்கு மேல் கண்ணாடி கறுத்திருந்தது. பாய் திண்ணையில் உட்கார்ந்து கரித்துண்டால் கணக்குப் போட்டுக் காட்டினார். வருவது 230 வோல்ட். பல்பு ஒவ்வொன்றும் 6 வோல்ட். நாற்பது இருந்தால் ஆளுக்கு 5.75, சௌகரியமாக எரியும், நாள்படவும் எரியும். பத்தைத் தூக்கிவிட்டால் மிச்ச முப்பதும் ஏழரைக்கு மேல் சுமக்க வேண்டும். "அணையப்போற விளக்குதான் தம்பி பளிச்சுன்னு எரியும். பல்பு போனா பல்பு போடு. போனவன் பாரத்தை இருக்கிறவன் தலையில கட்டாதே." அந்த முப்பது பல்பின் காசையும் என் கூலியில் பிடித்தார். ரொம்ப நாள் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. இப்போது நினைத்தால், ஹோல்டர் காசை விட்டுவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். சின்னப் பல்புதானே என்று காலி ஹோல்டரில் விரலை விடுவார்கள். பல்பைக் கழற்றியதும் அந்த 230ம் அந்த இரண்டு முனையில்தான் வந்து நிற்கும். அதனால்தான் பிளக்கைப் பிடுங்காமல் கழற்றாதே என்பது. அதனால்தான் பகல்.

எல்.இ.டி.மேல் எனக்கு விரோதம் இல்லை. நீல எல்.இ.டி. கண்டுபிடித்த மூவருக்கு 2014இல் நோபல் கொடுத்தார்கள்; கொடுக்க வேண்டியதுதான். கரண்டு கம்மி, சூடு கம்மி. என் ரோலர் பெட்டி, மோட்டார் சுற்றச் சுற்றப் பித்தளைப் பட்டையில் பொறி பறந்துகொண்டே விளக்கை ஓடவிட்டதே, அதன் வேலையை இன்று தீப்பெட்டி அளவு டப்பா செய்கிறது. அழவில்லை. ஆனால் வியாதி பழைய வியாதிதான். பிளக்கில் நேராகச் சொருகுகிற எல்.இ.டி. மாலைக்குள்ளும் சின்னச் சின்ன சீரியல்கள்தான் இருக்கின்றன. ஒன்று போனால் அந்தத் துண்டு மட்டும் இருட்டாகும். பையன் 'ஒரு பக்கம்' என்றது அதைத்தான். அதற்கு யூடியூப்பைப் பார்த்து எல்லாரும் செய்வது வெட்டு, முறுக்கு. மிச்ச எல்.இ.டி.க்குக் கரண்டு ஏறும், உள்ளே இருக்கிற ரெசிஸ்டர் சுடும். கடைக்காரரோ, "ரிப்பேரா? புதுசே நூத்தம்பது ரூபாதானே" என்கிறார். கட்டுகிறவர் உண்டு, பார்க்கிறவர் இல்லை.

திருவிழா மாலை பத்து நாளில் இறங்கிவிடும். இறக்கும்போது கை ஒவ்வொரு ஹோல்டரையும் தொடும். அதுவே ஒரு வைத்தியம். வருஷம் பூராவும் வீட்டில் எரியவிடுகிறவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. வெயிலில் வயரின் தோல் மஞ்சளாகி வெடிக்கும். மழைத்தண்ணீர் வயர் வழியே நேராகப் பிளக்குக்கு ஓடும். பிளக்குக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொய்யவிட்டால் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிப்போகும். இதைக்கூட ஒருத்தரும் செய்வதில்லை. கட்டுக்கம்பி போட்டுக் கிரில்லோடு இறுக்கிவிடுகிறார்கள். கம்பி தோலை அறுத்தால் கிரில் முழுக்கக் கரண்டு. அந்தக் கிரில்லில்தான் குழந்தை ஏறி நிற்கிறது. கடை விளம்பரம் மாதிரி ராத்திரி பூராவும் மினுக்க விடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அவரவர் கண்.

பையன் மாலையை மறுநாள் பகலில் கழற்றிப் பார்த்தேன். ஏழு முறுக்கு இருந்தது. இரண்டில் டேப்பே இல்லை. இனி அதைக் கட்டக்கூடாது என்று சொல்லி, பிளக்கை வெட்டிக் கையில் கொடுத்தேன். முகம் சுருங்கிப் போனான்.

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வீட்டில் நிரந்தரமாக மாலை கட்டியிருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பாருங்கள்.