சோள ரொட்டியும் பெண்களின் நேரமும்

ஒரு ஊரின் பெண்களை அறிய வேண்டுமானால் அவர்களின் அடுப்படியில் போய் இருக்க வேண்டும். கிராமங்களில் வேலை செய்யும் எம் போன்றவர்களுக்கு அனுபவம் கற்றுத் தந்த பாடம் இது. கடந்த ஆண்டு பயிற்சியொன்றிற்காக மெக்சிக்கோ நகருக்குச் சென்றிருந்தபோது அங்கும் இதுவே உண்மை என்பதைக் கண்டேன்.

பயிற்சி முடிந்து கிடைத்த இரண்டு நாட்களில் தெப்போஸ்த்லான் என்ற ஊரைப் பார்க்க விரும்பினேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பரீட்சைக்காக மனனம் செய்த ஊர் அது. அமெரிக்க மானிடவியலாளர் ரொபேர்ட் ரெட்ஃபீல்ட் 1930இல் அவ்வூரைப் பற்றி நூல் எழுதினார். அதே ஊரை மீண்டும் ஆராய்ந்த ஒஸ்கார் லூயிஸ் 1951இல் வேறொரு நூலை வெளியிட்டார். முன்னவர் இணக்கத்தைக் கண்ட இடத்தில் பின்னவர் வறுமையையும் பிணக்கையும் கண்டார்.

தலைநகரிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். செங்குத்தான பாறை மலைகளின் அடிவாரத்தில் ஊர் அமைந்துள்ளது. மலை மேலே பழங்காலக் கோயிலொன்று. கீழே 16ஆம் நூற்றாண்டில் டொமினிக்கன் துறவிகள் கட்டுவித்த மடம். பயிற்சியில் என்னுடன் இருந்த தோழியின் பெரியம்மா வீட்டில் தங்கினேன். நானும் அவரைப் பெரியம்மா என்றே நினைத்துக்கொண்டேன். அவரோ என்னை “மிஹா”, அதாவது “மகளே” என்று அழைத்தார். தோழி மொழிபெயர்த்தாள்.

பெரியம்மா ஞாயிறு சந்தையில் ‘த்லகோயோ’ விற்பவர். உள்ளே அவரை விதை மசியல் வைத்துத் தட்டிச் சுடும் நீள்வட்டமான சோள ரொட்டி அது. கொழுக்கட்டைக்குள் நாம் பயறு வைப்பதைப் போன்றது எனலாம். இதன் உறவுக்காரி ‘கோர்டித்தா’. தடிப்பாகச் சுட்டு, வாயைக் கீறி, உள்ளே கறி வைப்பார்கள். ‘குட்டிக் குண்டு’ என்பது அப்பெயரின் பொருள்.

சனிக்கிழமை மாலையே வேலை தொடங்கிவிட்டது. ஒரு கிலோ காய்ந்த சோளத்திற்குச் சுமார் மூன்று லீற்றர் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி சுண்ணாம்பு. ஆம், நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்புதான்! அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக மெல்லிய நெருப்பில் வைத்து, தோல் கழரத் தொடங்கியதும் இறக்கி, இரவு முழுவதும் அப்படியே ஊறவிட்டார். காலையில் தேய்த்துக் கழுவியபோது மஞ்சள் தோல் வழுக்கிக் கொண்டு போனது.

“சுண்ணாம்பு ஏன்?” என்று கேட்டேன். “இல்லாவிட்டால் மா ஒட்டாது” என்றார் பெரியம்மா. அவர் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. சோளத்திலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்தை எமது உடல் பெற்றுக்கொள்ளச் சுண்ணாம்பு உதவுகிறது. ஐரோப்பியர் சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். இந்தப் பக்குவத்தைக் கொண்டு செல்லவில்லை. பிற்காலத்தில் வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலாக்ரா நோயால் துன்பப்பட்டு இறந்தார்கள். தானியத்தை எடுத்தவர்கள் அதைச் சமைத்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்!

விடியற்காலையில் வாளியுடன் அரைக்கும் ஆலைக்குப் போனோம். பெண்கள் வரிசையில் நின்று கதைத்துக் கொண்டிருந்தார்கள். சில நிமிடங்களில் மா அரைபட்டு வந்தது. வீடு திரும்பியதும் முற்றத்து மூலையில் கிடந்த ‘மெத்தாத்தே’யைப் பெரியம்மா காட்டினார். மூன்று கால் கொண்ட சரிவான எரிமலைக் கல். அதன்முன் முழங்காலில் இருந்து, எமது அம்மியைப் போலவே குழவியால் அரைக்க வேண்டும். அவருடைய பாட்டி நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் அதன்முன் இருந்தாராம்.

1920களில் இவ்வூருக்கு ஆலை வந்தபோது ஆண்கள் பலர் எதிர்த்ததை லூயிஸின் நூலில் படித்திருந்தேன். கல்லில் அரைத்ததன் ருசி வராது என்றார்கள். ஆலைக்குப் போகும் பெண்கள் வம்பளப்பார்கள் என்றும் பயந்தார்கள். ஆயினும் பெண்கள் விடவில்லை. 1934 முதல் 1940 வரை ஜனாதிபதியாக இருந்த லாசரோ கார்தெனாஸின் ஆட்சியில் நாட்டின் பல கிராமங்களில் பெண்கள் சங்கங்களுக்கே ஆலைகள் வழங்கப்பட்டன. பரீட்சைக்கு இரண்டு வரியில் நான் எழுதிய விடயம் இது. அந்தக் கல்லின்முன் ஐந்து நிமிடம் முழங்காலில் இருந்து பார்த்த பிறகுதான், மிச்சமான அந்த நான்கு மணி நேரத்தின் பெறுமதி எனக்கு விளங்கியது.

அந்த நேரத்தைக் கொண்டே பெரியம்மா சந்தையில் கடை வைத்தார். கணவர் இறந்தபின் அந்த வருமானத்தில் மகளைத் தாதியாக்கினார். மகளுக்கு இன்று சோளம் அவிக்கும் பதம் தெரியாது. கடைப் பொதி மாவையே குழைக்கிறாள். “அதில் உங்களுக்குக் கவலை இல்லையா?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் ரொட்டி தட்டினார். பிறகு, “அவள் படித்திருக்க வேண்டும். அது தெரியாமலே போய்விட்டால் எனக்குத் துக்கம். அது அவளுக்குக் கட்டாயமாகியிருந்தால் இன்னும் துக்கம்” என்றார்.

மெக்சிக்கோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனித குல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மரபைப் போற்றுவது நல்லதே. ஆனால் அதை முழங்காலில் இருந்து காத்தவர்கள் யார், இனிமேல் யார் காப்பது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. எமது கடைகளில் விற்கும் சாதாரண சோள மா இதற்குச் சரிவராது. சுண்ணாம்பில் அவிக்காததால் உதிர்ந்து போகும். காய்ந்த சோளத்தை மேற்கூறியவாறு அவித்து, உண்ணத்தக்க சுத்தமான சுண்ணாம்பை மட்டும் பயன்படுத்தி, நன்றாகக் கழுவி கிரைண்டரில் கெட்டியாக அரைக்கலாம். உப்புச் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவிலும் சற்றுப் பெரிய உருண்டையில் குழி செய்து, அவித்து மசித்த கௌபியை வைத்து மூடி, நீள்வட்டமாகத் தட்டவும். எண்ணெயில்லாத தோசைக்கல்லில் இரு பக்கமும் நான்கைந்து நிமிடம் சுட்டு, மேலே வெங்காயமும் தக்காளிச் சம்பலும் வைத்துச் சூட்டோடு உண்ணலாம். ஆண்பிள்ளைகளையும் உருண்டை பிடிக்கக் கூப்பிடுங்கள்.

நான் புறப்படும்போது பெரியம்மா துணியொன்றில் மூன்று முக்கோண ரொட்டிகளைச் சுற்றித் தந்தார். மாவுடன் கொழுப்பும் பாற்கட்டியும் பிசைந்து சுடும் அவ்வூரின் விசேடப் பண்டம் அது, பெயர் ‘இத்தகாத்தே’. பூர்வீக நவாத்ல் மொழியில் அச்சொல்லின் பொருளைத் தோழியிடம் கேட்டேன். வழிப்பயணத்திற்குக் கட்டிக் கொடுக்கும் உணவு என்றாள். கட்டுச்சோறு! பஸ் மலையைச் சுற்றி ஏறும்வரை அந்தத் துணியின் சூடு என் மடியில் இருந்தது.