மாவு மில் சென்சார்

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மாவு மில். ஞாயிறு காலை. தூக்குகளையும் டப்பாக்களையும் வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். மிஷின் இரைச்சலில் கத்தித்தான் பேசியாக வேண்டும். ஒட்டுக்கேட்ட பாவம் எனக்கில்லை.

"படத்துக்குப் போனீங்களாமே, எப்படிக்கா?" நைட்டி மேல் துண்டு போட்டவர் கேட்கிறார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. மாமனாரை வச்சுக்கிட்டுப் பாக்க முடியாது."

தீர்ப்பு முடிந்தது. யார் ஹீரோ, பாட்டு எப்படி, ஒருவரும் கேட்கவில்லை.

தணிக்கை வாரியத்தின் கணக்கு வேறு. 1983-இல் வந்த யுஏ-வை 2024 விதிகள் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டன. எல்லாம் பிள்ளையின் வயதை வைத்து. இங்கே நெளிவது பிள்ளை அல்ல, மருமகள். அவளுக்கென்று ஒரு சான்றிதழ் எந்த விதியிலும் இல்லை.

"சண்டை?" என்கிறார் துண்டுக்காரர்.

"அது இருக்கு. வெட்டு குத்துதான் ஃபுல்லா."

"அது பரவால்ல."

கழுத்தறுப்பது பரவாயில்லை, கட்டிப்பிடிப்பதுதான் ஆகாது. எனக்கு இது விளங்கியதே இல்லை.

மிளகாய்ப் பையோடு நிற்கும் பெரியம்மாவுக்குப் பழைய கோபம் ஒன்று. 'கூலி'க்குப் பேரனைக் கூட்டிப்போனாராம். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "ரஜினி படத்துக்குப் புள்ளைய உடமாட்டேங்கறான், என்ன அக்கிரமம்!" 2025 ஆகஸ்ட் 14-இல் வெளியான அந்தப் படத்துக்கு ஏ சான்றிதழ், 18 வயது நிரம்பாதவருக்கு அனுமதி கிடையாது. யுஏ கேட்டு சன் பிக்சர்ஸ் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மனு தள்ளுபடி. பெரியம்மா கணக்கில் ரஜினி படம் என்றாலே யு. வன்முறையைக் காட்டி ஏ கொடுத்தது அவருக்கு இன்னமும் செரிக்கவில்லை.

துண்டுக்காரரின் மகன் ஸ்கூட்டியில் காத்திருக்கிறான். பதினைந்து இருக்கும். காதில் இயர்போன், கண் போனில். எந்தப் படமோ, எந்த வயதுக்கானதோ. அவன் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஹாலில் எல்லோரும் சேர்ந்து உட்காரும்போதுதான் இவர்களுக்குச் சென்சார் நினைவு வருகிறது.

"எதுக்கு வம்பு? டிவில போடட்டும், பாத்துக்கலாம்" என்று தூக்கை எடுத்துக்கொண்டு நகர்கிறார் அக்கா.

அவர் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்கிய பிறகுதான் அது வீட்டுக்கு வரும்.