கொக்கல: ஊர் இருந்த இடத்தில் ஒரு விமானத்தளம்

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் எழுத்து வழியாகக் கொக்கலவை அறிந்த நமக்கு, அது இலங்கையின் தென்கரையில், காலிக்கு அருகே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் அமைந்த சிங்களக் கிராமம். இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை எழுதுவோருக்கோ அது கட்டலினா என்னும் கடல் விமானங்களின் தளம். இவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று அறியாதன போலவே எழுதப்பட்டு வருகின்றன.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்துமாக்கடலைக் கண்காணிக்கும் பொறுப்பின் பெரும்பகுதி இலங்கைத் தளங்களின் மீது விழுந்தது. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் கட்டலினாவுக்குக் கொக்கல வாவி இயற்கை தந்த ஓடுதளம். அவ்வாண்டு ஏப்ரல் 4 அன்று இங்கிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சால், கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பி முடிக்குமுன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவர் சிறைப்பட்டனர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது.

1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இவ்வாவிக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனத்தின் கட்டலினாக்கள் பறந்தன. ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் தொலைவு, எங்கும் இறங்காத பயணம், வானொலி மௌனம், விண்மீன்களே வழிகாட்டிகள். எரிபொருளின் சுமையால் மூன்று பயணிகளுக்கும் சிறிதளவு தபாலுக்கும் மட்டுமே இடம். சில வேளை முப்பது மணி நேரத்தையும் தாண்டி நீண்ட அப்பயணத்தில் சூரியன் இருமுறை உதித்தது. அதனைக் கண்ட பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கினார்கள். போர் முடிந்ததும் அவ்விமானங்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. வீரசாகசம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அத்தளத்திற்காக வெளியேற்றப்பட்ட கொக்கல மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் 24 மணி நேரம். வீடுகள் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு அரிதாகத் தப்பியது. போர் முடிந்து கடல் விமானங்கள் போயின, ஓடுபாதை நின்றது, பின்னாளில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான சுதந்திர வர்த்தக வலயமும் கொக்கலவில் அமைந்தது. பழைய ஊர் திரும்பி வரவில்லை.

தம் ஊரின் நினைவுகளை விக்கிரமசிங்க 1940லேயே ‘அபே கம’ நூலில் எழுதிவிட்டார். ‘கம்பெரலிய’ நாவல் 1944இல் வந்தது. கிராமத்தின் மாற்றம் என்று பொருள்படும் தலைப்பு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பழங்குடும்பம் சிறுகச் சிறுகத் தேய்வதைச் சொல்லும் அக்கதையில் போர் இல்லை, விமானமும் இல்லை. மாற்றம் என்பது தலைமுறைகளின் நிதானத்தில் நிகழ்வது என்ற நம்பிக்கையோடு அது நடக்கிறது. அந்நிதானத்தை அதன் நிலைக்களமான ஊருக்கு யாரும் அளிக்கவில்லை. நாவலை இன்று எடுப்போர் அதன் முதல் பதிப்பு வெளியான ஆண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

தப்பிய அவ்வீடு நினைவில்லமாயிற்று. அதனருகே 1981இல் நாட்டார் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. விக்கிரமசிங்கவின் கல்லறையும் அவ்வளாகத்தில்தான் இருக்கிறது.