மோட்டார் வீட்டில் ஒரு பாலைவனப் பிரயாணம்

வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவதுதான் நாம் அறிந்த வழக்கம். வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படும் வழக்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. இதற்கென்று செய்த மோட்டார் வண்டியை 'ஆர்.வி.' என்று இரண்டே எழுத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்குள்ளே அடுப்பு உண்டு, குளிர்பெட்டி உண்டு, கட்டில் உண்டு, ஸ்நான அறையும் உண்டு. இல்லாதது திண்ணை ஒன்றுதான். அதற்குப் பதிலாக, பக்கவாட்டில் இழுத்து விரித்துக்கொள்ள ஒரு துணிப்பந்தல் வைத்திருக்கிறார்கள்.

ஸால்ட் லேக் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் நமது மைத்துனர் புது வீடு கட்டிக் குடியேறியதை முன்னிட்டு, காலாண்டு விடுமுறையோடு சில நாள் ஈட்டிய விடுப்பையும் சேர்த்துக்கொண்டு, நாமும் நம் இல்லத்தரசியும் அங்கே போயிருந்தோம். "அத்தான், நீங்கள் பாலைவனம் பார்க்காமல் திரும்பக் கூடாது" என்று சொல்லி, அவர் இப்படிப்பட்ட வண்டி ஒன்றை நான்கு நாளைக்கு வாடகைக்குப் பிடித்து வந்தார். நீளம் 24 அடி. அதைப் பார்த்ததும் நம் இல்லத்தரசி செய்த முதல் காரியம் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்ததுதான். இரண்டாவது காரியம் சாம்பார்ப் பாத்திரத்தை அலமாரியில் வைத்தது. அலமாரிக்குத் தாழ் போட வேண்டும் என்பது முதல் வளைவு திரும்பும்போதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மிச்சப் பிரயாணம் முழுவதும் வண்டியில் பெருங்காயம் மணத்துக்கொண்டிருந்தது.

தெற்கே இருநூறு மைலுக்கு மேல் ஓடியபின், மாலை வெயிலில், சாலைக்கு எதிரே ஒரு சிவப்புச் சுவர் எழுந்து நின்றது. அதுதான் காப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடியும் சிமெண்டு பெஞ்சியும் நினைவுக்கு வந்தால் வாசகர்கள் தயவுசெய்து அவற்றை மறந்துவிட வேண்டும். இது சுமார் 2,42,000 ஏக்கர் பாறை. பூமியின் மேற்புறம் ஏறக்குறைய 100 மைல் நீளத்துக்கு, மடித்த ஜமக்காளத்தைப் போல், ஒரே மடிப்பாக மடிந்து கிடக்கிறது. ஐந்து கோடி முதல் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியில் ஏற்பட்ட நெருக்கத்தினால், மடிப்புக்கு மேற்கே உள்ள பாறை அடுக்குகள் கிழக்கே உள்ளவற்றைவிட 7,000 அடிக்கு மேல் உயர்ந்துவிட்டனவாம். பிறகு மழையும் ஆறும் சேர்ந்து அறுத்த அறுப்பில் பிறந்தவைதான் இங்குள்ள மலையிடுக்குகள். உச்சியில் வெள்ளைப் பாறைகள் கோபுரக் கூண்டுகளைப் போல் உருண்டு நிற்கின்றன. வாஷிங்டனில் உள்ள காப்பிட்டல் மாளிகையின் கூண்டு அவர்களுக்கு நினைவு வந்திருக்கிறது. கப்பலை மறிக்கும் கடற்பாறைத் தொடரைப் போல் வண்டியை மறித்ததனால் 'ரீஃப்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. பாறைக் குழிகளில் மழை ஜலம் தேங்கும் சுனைகளை வைத்து அந்த மடிப்புக்கே 'வாட்டர்பாக்கெட்' மடிப்பு என்று பெயர் இட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு எட்டு அங்குலம் அளவே மழை பெய்யும் பூமியில் மனிதன் பெயர் வைக்கும்போது எதை நினைத்துக்கொண்டு வைப்பான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எங்கள் வண்டி தங்கிய இடம் ஃப்ரூட்டா. ஃப்ரீமாண்ட் ஆற்றின் கரையில் 71 வண்டிகளுக்கும் கூடாரங்களுக்குமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மின்சாரமும் குழாயும் வண்டிக்குள் வந்து சேரும் வசதி அங்கே கிடையாது. தொட்டியில் நிரப்பிக்கொண்டு போன ஜலம் தீரும்வரை நாம் பிரபுக்கள். தீர்ந்தால் வாளியைத் தூக்க வேண்டியதுதான். முதல்நாள் இரவே மைத்துனரின் பெண், பன்னிரண்டு வயதுக் குழந்தை, தொட்டியின் அளவு காட்டும் விளக்கைப் பார்த்துவிட்டு, "மாமா, முகம் கழுவ நீங்கள் இவ்வளவு ஜலம் விடக் கூடாது" என்று கண்டித்தாள். இருபது வருஷமாக வகுப்பில் நீர்ச் சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி வருகிறோம். நாம் மறுபேச்சுப் பேசவில்லை. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தோம். வெளிச்சம் அடங்கிய வானத்துக்காக 2015-இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற இடம் இது. பால்வீதி பாறைக்குப் பாறை பாலம் போட்டாற்போல் கிடந்தது.

மறுநாள் காலையில் கண்ட காட்சியை நாம் எதிர்பார்க்கவில்லை. செக்கச் சிவந்த செங்குத்துப் பாறைகளின் அடியில் ஆப்பிள், பேரி, பீச், செர்ரி, வாதுமை என்று ஏறக்குறைய இரண்டாயிரம் மரங்கள்! 1880-களில் வந்து குடியேறிய மார்மன் மதத்தினர் வைத்து வளர்த்த தோப்புகளின் தொடர்ச்சி இது. அவர்கள் முறையிலேயே இன்றும் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, மடை திறந்து, மரத்துக்கு மரம் பாய்ச்சுகிறார்கள். வாய்க்காலில் ஜலம் சலசலக்கும் ஓசையைக் கேட்டதும் நம் இல்லத்தரசி செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பின் மேல் நின்றுவிட்டாள். பறிக்கலாம் என்று பலகை வைத்திருக்கும் தோப்பில் புகுந்து வயிறு நிறையத் தின்றால் காசு இல்லை. வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும் தராசில் நிறுத்துப் பணம் போட வேண்டும். பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லை. இந்த ஏற்பாட்டை நம் ஊரில் செய்து பார்த்தால் என்ன ஆகும் என்று மைத்துனர் சிரித்தார். முதலில் தராசு போகும் என்பது நமது அபிப்பிராயம்.

தோப்பைத் தாண்டிச் சாலையோரமாக நடந்தால், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை ஒன்று நிற்கிறது. ஃப்ரூட்டாவின் பள்ளிக்கூடம். மலையிடுக்கு, பாறைப் பாலம், பண்டை மக்கள் செதுக்கிய கொம்பாட்டுச் சித்திரம் எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்க்கட்டும். நமக்கு இங்கேதான் கால் நின்றது. எந்தக் காலத்திலும் பத்துக் குடும்பத்துக்கு மேல் இருந்தறியாத அந்த ஊர், 1896-இல் இதைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டது. எலைஜா கட்லர் பெஹுனின் என்பவர் நிலம் கொடுத்தார். அவருடைய மகள் நெட்டிதான் முதல் ஆசிரியை. அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு! ஒன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்பும் ஒரே அறையில். இரண்டிரண்டு பிள்ளைகள் உட்காரும் பைன் மர மேஜைகள். ஊர்க் கூட்டத்துக்கும் நடனத்துக்கும் அதே அறைதான். மேஜைகளை ஒதுக்கினால் போதும். முதலில் கூரை தட்டையாக மண் போட்டது. கூரான கூரை 1912-13-இல் வந்தது. சுவருக்குப் பூச்சு 1935-இல் கிடைத்தது. பிறகு 1941-இல் பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளியை மூடிவிட்டார்கள்.

ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நாம் வெகுநேரம் நின்றோம். நாம் வேலை பார்க்கும் பள்ளியில் இவ்வாண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஏழு பேர். ஒரு காலத்தில் அதே வகுப்பில் மூன்று பிரிவுகள் இருந்தன. நல்ல கட்டிடம், நல்ல கரும்பலகை, பட்டம் பெற்ற உபாத்தியாயர்கள் எல்லாம் இருந்தும், ஒவ்வொரு ஜூன் மாதமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இங்கே சுவருக்குப் பூச்சு வந்து ஆறே வருஷத்தில் பள்ளிக்கூடம் போயிற்று. "மாமா, உங்கள் ஸ்கூலையும் மூடிவிடுவார்களா?" என்று குழந்தை கேட்டாள். அவள் தகப்பனார் அவளை அதட்டினார். கேள்வி நியாயமானதுதான். "ஏழு பேர் இருக்கிறவரை மாட்டார்கள் அம்மா" என்றோம். அது நிச்சயமாகத் தெரிந்து சொன்ன பதில் அல்ல.

மனம் கொஞ்சம் கனத்திருந்ததோ என்னவோ, அன்று மத்தியானம் நாம் வீம்பாக நடந்துகொண்டோம். கிராண்ட் வாஷ் என்பது மணல் படுகையாகக் கிடக்கும் ஒரு மலையிடுக்கு. இருபுறமும் நூற்றுக்கணக்கான அடி உயரச் சுவர்கள். நடுவே சில இடங்களில் ஒரு சந்தின் அகலம்தான். உள்ளே போகும் மண்பாதை நீளமான வண்டிக்கு ஏற்றதல்ல என்பதால் வீட்டைத் தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். வழியில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. புயல் மழை வரும் போலிருந்தால் உள்ளே போகாதே என்பது அதன் சாரம். நமது தலைக்கு மேல் வானம் துடைத்த பித்தளைத் தாம்பாளமாக இருந்தது. குழந்தை மட்டும் மேற்கே விரலைக் காட்டினாள். மலைக்கு மேல் மை கொட்டினாற்போல் ஒரு மேகம்.

"அது எங்கேயோ இருக்கிறது. இங்கே வெயில்" என்றோம்.

"அங்கே பெய்தால் இங்கேதான் வரும், மாமா. எங்கள் டீச்சர் சொல்லியிருக்கிறார். மண்ணாக இருந்தால் குடிக்கும், பாறை குடிக்காது."

இவ்வளவு தூரம் வந்தது பலகை வாசிக்கவா என்று நாம் நடையைக் கட்டினோம். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால், குழந்தை நின்ற இடத்திலேயே நிற்கிறாள். கண்ணில் நீர் வேறு. நம் இல்லத்தரசி அவள் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை, எதிர்த்துப் பேசியதற்காக, நிற்க வைத்திருக்கிறோம். அந்த முகங்களில் சிலவற்றில் இதே மாதிரி நீர் இருந்தது இப்போது ஞாபகம் வந்தது. திரும்பினோம். ஆனால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு அல்ல.

வண்டியில் ஏறி ஃப்ரூட்டாவை நோக்கிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். இடி கேட்டது. சாலை ஓர் ஓடைத் தடத்தில் இறங்கி ஏறும் இடத்தில், காலையில் தூசு பறந்த தடத்தில், செங்கல் கரைத்தாற்போல் சிவப்பு வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைகளும் கற்களும் அதில் புரண்டு ஒன்றோடொன்று மோதின. அந்தச் சத்தம்தான் பயமாக இருந்தது. எங்கள் மேல் விழுந்த மழையோ ஒரு குடைக்குக் காணாது! முன்னால் இரண்டு கார்கள் நின்றன. நாங்களும் நின்றோம். 2022 ஜூன் மாதத்தில் இதே பூங்காவில் வெள்ளம் இடுக்குகளில் புகுந்து கார்களை அடித்துக்கொண்டு போன செய்தியை மைத்துனர் அப்போதுதான் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம்.

வீடு கூடவே இருந்ததால் காப்பி போட்டோம். முன்னால் நின்றவர்களுக்கும் இரண்டு டம்ளர் போயிற்று. காத்திருந்த நேரத்தில் மைத்துனர் பழங்கதை ஒன்று சொன்னார். சாலை முடிவில் காப்பிட்டல் கார்ஜ் என்று இன்னொரு மலையிடுக்கு இருக்கிறது. பள்ளிக்கு நிலம் கொடுத்த அதே பெஹுனின்தான் அதன் வழியே முதல் மாட்டு வண்டியைக் கொண்டுபோனாராம். மூன்றரை மைல் போக எட்டு நாள், பாறைகளை உருட்டி உருட்டி. பின்னர் 1962-இல் ஆற்றோரமாக நெடுஞ்சாலை திறக்கும்வரை ஊருக்கும் உலகத்துக்கும் அந்த வெள்ளத் தடம்தான் சாலை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு மறுபடி கல் பொறுக்க வேண்டும். போனவர்கள் சுவரில் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பாதுகாத்துக் காட்டுகிறார்கள். இப்போது செதுக்கினால் மட்டும் தண்டனை. நம் ஊர் மலைக்கோயில் படிகளில் பெயர் எழுதும் பையன்களிடம் இந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வெள்ளம் வடிய ஆரம்பித்தது. அப்புறம் சேற்றை வழித்துச் சாலையைத் திறந்துவிட்டார்கள்.

"நீ சொன்னதுதான் சரி அம்மா" என்று குழந்தையிடம் சொல்ல அன்று இரவு வரை ஆயிற்று. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மாமா, தொட்டியில் கால் பங்குதான் ஜலம் இருக்கிறது" என்றாள்.

புறப்படும் காலையில் கிஃபர்ட் குடும்பத்தாரின் பழைய வீட்டில் பழ அடை வாங்கித் தின்றோம். 1969-இல் நிலத்தை அரசாங்கத்துக்கு விற்றுவிட்டுப் போன அக்குடும்பம்தான் ஃப்ரூட்டாவின் கடைசிக் குடிகள். தோப்பில் இரண்டு பவுண்டு ஆப்பிளைக் குழந்தையே நிறுத்துக் காசைப் பெட்டியில் போட்டாள்.

ஊர் திரும்பி, ஆறாம் வகுப்பில் அந்த ஏழு பேருக்கும் கரும்பலகையில் மடிந்த பூமியைப் படம் போட்டுக் காட்டி, வெள்ளத்தையும் சொல்லி, பன்னிரண்டு வயது ஆசிரியையின் கதையையும் சொன்னோம். கடைசி பெஞ்சியில் இருந்தவன் கையைத் தூக்கினான்.

"அந்த டீச்சர் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தால் பேப்பரை யார் சார் திருத்தியிருப்பார்கள்?"

நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது.