தம்மடையும் ஓலைக் கொட்டானும்

"நேரமில்லை" என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் காலை முதல் இரவு வரை ஒலிக்கும் சொல்லாகிவிட்டது. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீடுகளில் மட்டுமன்று. பிள்ளைகளும் பள்ளி, தனிப்பயிற்சி, மதரஸா எனப் பொழுதைப் பங்கிட்டுத் திரியும் எல்லா வீடுகளிலும் இதே நிலைதான். இந்நிலையில், வீட்டிலேயே ஒரு பலகாரம் சுடுவதைப் பற்றியோ, கையால் ஒரு பெட்டி முடைவதைப் பற்றியோ பேசப் புகுந்தால், "அதெல்லாம் வேறு வேலையில்லாமல் வீட்டிலிருந்த அந்தக் காலத்துப் பெண்கள் செய்தவை" என்று மறுமொழி வருகிறது. இம்மறுமொழியை நாம் ஏற்பதற்கில்லை. நம் மூதாட்டியர் ஓய்வு மிகுந்து இவற்றைச் செய்தாரல்லர். ஓய்வே கிட்டாத நாளில் எவற்றைச் செய்ய இயலுமோ அவற்றைத் தேர்ந்து செய்தனர்.

அந்நாளைய அடுக்களையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிணற்றில் நீர் இறைத்தல், அம்மியில் அரைத்தல், உரலில் இடித்தல், விறகடுப்பைக் கண் எரிய ஊதுதல், இடுப்பில் ஒரு குழந்தை, காலைச் சுற்றி இரு குழந்தைகள், படுக்கையில் முதியவர் ஒருவர்; இவற்றுக்கிடையே ஐவேளைத் தொழுகை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலோ ஆடவர் பலர் இலங்கை, பர்மா, மலாயா எனக் கடல் கடந்து வணிகம் நாடிப் போயினர். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளை நோக்கிப் போயினர். வீட்டின் வரவு செலவு, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் வீட்டு நன்மை தீமை யாவும் பெண்களின் தோளிலேயே நின்றன. இத்தகைய நாளில் ஒரு வேலையைத் தொடங்கினால் அது முடிவதற்குள் பத்து முறை தடைபடும். தடைபட்டாலும் கெடாத வேலையே அவ்வீட்டில் நிலைக்கும். நம் பெண்டிர் போற்றி வைத்த பலகாரங்களையும் கைவினைகளையும் இந்நோக்கில் பார்க்கும்போதுதான் அவற்றின் அமைப்பு நமக்கு விளங்குகிறது. இடையீட்டைப் பொறுக்கும் வேலைகள் அவை.

தம்மடையை எடுத்துக்கொள்வோம். தமிழ்த்துறை மலரில் எழுதுகிறோம் ஆதலின் சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 'தம்' என்பது பாரசீகச் சொல். மூச்சு என்பது அதன் பொருள். ஆவி வெளியேறாதவாறு கலத்தை மூடி மெல்லிய வெப்பத்தில் வேக வைப்பதை அச்சொல்லால் குறித்தனர். பிரியாணிக்குத் 'தம் போடுதல்' என்று இன்றும் சொல்கிறோம். 'அடை' நம் பழந்தமிழ்ச் சொல். மதுரைக்காஞ்சி, மதுரை நகரின் இரவைப் பாடுமிடத்தில், கடையிலேயே கண்ணயர்ந்த அப்ப வணிகரைக் காட்டி, அவர்தம் மெல்லிய அடையைத் தேனடைக்கு ஒப்பிடுகிறது. பாரசீக மூச்சும் சங்கத் தமிழ் அடையும் ஒரு சட்டிக்குள் கூடி வெந்த சொல்லே தம்மடை என நாம் கொள்கிறோம். நன்கு வெந்த தம்மடையை அறுத்துப் பார்ப்பவர்க்கு உள்ளே நுண்துளைகள் நிறைந்திருக்கும் தோற்றம் அத்தேனடை உவமையை நினைவூட்டாமற் போகாது. பிற ஊர்களில் தம்ரூட் என வழங்கும் பலகாரமும் இதற்கு நெருங்கிய உறவே.

இனி, செய்முறை. ரவை 200 கிராம், சர்க்கரை 250 கிராம், நெய் 100 கிராம், காய்ச்சி ஆற்றிய பால் 200 மில்லி, முட்டை நான்கு, ஏலக்காய் நான்கைந்து, உப்பு ஒரு சிட்டிகை. ரவையை நெய்யில் ஒரு கரண்டி விட்டு மணம் வரும்வரை வறுத்து, ஆறியதும் பாலை ஊற்றி மூடி வைத்தல் வேண்டும். இங்கேதான் இப்பலகாரத்தின் அருமை. ரவை ஊற ஒரு மணி நேரமும் ஆகலாம். அதற்கு மேல் சென்றாலும் குறையில்லை. அந்நேரத்தில் துணி துவைக்கலாம், பாடம் படிக்கலாம், உறங்கும் குழந்தையின் அருகே தாமும் சற்றுச் சாயலாம். நம் இல்லத்து மூதாட்டி ஒருவர் இதற்குக் கடிகாரக் கணக்கே சொன்னதில்லை. "லுஹர் தொழுதுட்டு ரவையை ஊறப் போடு, அஸர் தொழுதுட்டு முட்டையை அடி, மஃரிபுக்கு முந்தித் தட்டுல இருக்கும்" என்பதே அவர் வகுத்த கால அட்டவணை.

ஊறிய ரவையைக் கட்டியில்லாமல் விரலால் உதிர்த்து வைத்துக்கொண்டு, முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, மீதி நெய்யை உருக்கி ஊற்றி, ரவையையும் ஏலப்பொடியையும் உப்பையும் சேர்த்துக் கலக்கி, நெய் தடவிய கலத்தில் ஊற்ற வேண்டும். இந்தப் பத்து நிமிடங்கள் மட்டும் வேறு எதற்கும் எழக்கூடாது. முட்டையில் அடைபட்ட காற்றுத்தான் வெப்பத்தில் விரிந்து தம்மடையை எழுப்புகிறது. அடித்ததை ஆறப்போட்டால் நுரை அடங்கிவிடும். அந்நாளில் மணல் பரப்பிய சட்டிக்குள் கலத்தை இறக்கி, கீழே சிறுதீயும், மூடியின் மேல் சிரட்டைத் தணலுமாக வேக வைத்தனர். மேலும் கீழும் ஒரே அளவாக வெப்பம் தாக்க வேண்டும் என்னும் நுட்பத்தை, மின்னடுப்பு வீட்டுக்கு வருமுன்பே அறிந்திருந்தனர். இன்று மின்னடுப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே 180 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி 40 நிமிடங்கள் வைத்தால் போதும். அது இல்லாதார் கவலுற வேண்டா. பழைய குக்கர் ஒன்றின் அடியில் இரு விரற்கடை மணல் பரப்பி, நீர் ஊற்றாமல், ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கிவிட்டுப் பத்து நிமிடம் சூடேற்றி, கலத்தை உள்ளே வைத்து மூடி, சிறுதீயில் முக்கால் மணி நேரம் விடலாம். மேற்புறம் வெளுத்தே இருக்கும், அதற்கும் வழியுண்டு. இரும்புத் தோசைக்கல்லை நன்கு காயவைத்துக் கடைசி ஐந்தாறு நிமிடம் குக்கரின் வாயை அதனால் மூடினால், தணலின் வேலையை அது செய்துவிடும். ஈர்க்கு ஒன்றைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். வேகும் நேரம் முழுதும் அருகில் நிற்க வேண்டியதில்லை என்பதை மீண்டும் சொல்லி வைக்கிறோம்.

நோன்பு காலத்துக் கடற்பாசியும் இவ்வகையினதே. ஒரு லிட்டர் நீரிலோ பாலிலோ 10 கிராம் கடற்பாசியைக் கரையக் காய்ச்சிச் சர்க்கரையிட்டுத் தட்டில் ஊற்றினால், ஏறத்தாழ 40 பாகை வெப்பத்திலேயே அது உறைந்துவிடும். உறைந்தபின் நம் ஊர் வெயிலில் உருகாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கென்றே அமைந்த இனிப்பு. இதற்கு மாறானது கீழக்கரையின் துதல். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கை ஓயாமல் கிளற வேண்டிய பண்டம் அது. ஒரு நொடி விட்டால் அடிபிடிக்கும். மலாய் நாட்டு 'தொதோல்' கடல் வழியே வந்து நம்மிடம் துதல் ஆயிற்று. பலர் கூடி மாறி மாறிக் கிளறிய கூட்டுக் குடும்பங்கள் அருகியபின், அது பெரும்பாலும் வீட்டடுப்பை விட்டுக் கடைக்குச் சென்றுவிட்டது. தம்மடை வீட்டில் நின்றது. துதல் கடைக்குப் போயிற்று. இடையீட்டைப் பொறுத்தலும் பொறாமையுமே இதற்குக் காரணம் என்பது நம் துணிபு.

கைவினைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நெல்லைச் சீமையின் பத்தமடையில் தாமிரவருணிக் கரைக் கோரையைக் கொண்டு பாய் நெய்து வரும் மரபு நாடறிந்தது. புவிசார் குறியீடும் பெற்றது. அப்பாயை நெய்தவர்களில் மிகப் பலர் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். கோரையை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மயிரிழையெனக் கீறி, சாயமேற்றி நெய்யும் மென்பாய் ஒன்று முடிய வாரங்கள் பல ஆகும். தறி வீட்டுக்குள்ளேயே கிடக்கும். குழந்தை அழுதால் எழுந்து போகலாம். மீண்டு வந்து விட்ட கோரையிலிருந்து தொடரலாம். அவிழ்ந்து போவதில்லை. அந்த வருவாயில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது என்பதையும் மறத்தலாகாது. கைவினை என்றவுடன் அதைப் பொழுதுபோக்கு என்று எழுதிச் செல்வோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பத்தமடைப் பாய் எல்லார்க்கும் இயலாது. ஓலைக் கொட்டான் இயலும். வெயிலில் உலர்த்திய பனங்குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, அரை அங்குல அகலத்தில் கிழித்து, சற்றே நனைத்துப் பதமாக்கிக்கொள்ள வேண்டும். எட்டு ஓலைகளை நெடுக்காகவும் எட்டைக் குறுக்காகவும் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்தால் அடிச்சதுரம் அமையும். நான்கு புறமும் ஓலைகளை மேல்நோக்கி மடித்து, புதிய ஓலை ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே போனால் சுவர் எழும். வேண்டிய உயரம் வந்ததும் முனைகளை உட்புறம் மடித்துச் செருகிவிடலாம். நகரத்தில் குருத்தோலைக்கு எங்கே போவது என்பார் உளர். நம் வீடுகளில் பழைய திருமண அழைப்பிதழ்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அட்டைகளை நீளவாக்கில் கீற்றாக வெட்டி ஒட்டிப் பின்னினால், பேரீச்சம்பழம் வைக்கத்தக்க கொட்டான் எழுந்து வரும். முந்தைய தலைமுறைப் பெண்கள் வீடுதோறும் பின்னிய ஒயர் கூடையும் இதே கணக்குத்தான். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் கையிலெடுத்தால் ஒரு வாரத்தில் ஒன்று முடியும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. பள்ளிகள் சில 'கைவினைப் பணி' என்று வீட்டுப்பாடம் தருகின்றன. தெர்மாகோலும் பசையும் மினுக்குத் தாளும் வாங்கி, இரவு பத்து மணிக்குப் பிள்ளை உறங்கியபின் தாய் அமர்ந்து கோட்டையோ எரிமலையோ கட்டுகிறாள். மறுநாள் மதிப்பெண் பிள்ளைக்குக் கிடைக்கிறது. உம்மா பின்னுவதைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு ஓலையைத் தப்பாகக் கோத்து, அவிழ்த்து மீண்டும் கோக்கும் குழந்தைக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அதன் விரல் கற்கிறது.

குழந்தை என்றோம், பெண் குழந்தை என்று சொல்லவில்லை. நம் சமுதாயத்துப் பெண்கள் இன்று கல்லூரி வந்துவிட்டனர், பட்டம் பெறுகின்றனர், பணிக்குச் செல்கின்றனர். இது பெரும்பேறு. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுக்களை முழுவதும் மீண்டும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. பட்டம் பெற்ற மகளிடம், "உன் வாப்பும்மா மாதிரித் தம்மடை சுடத் தெரியவில்லையே" என்று குறைபடும் பெரியவர்கள், அதே வீட்டில் செல்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் மகனிடம் அதைக் கேட்பதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்திலிருக்கையில் குடும்பத்தாரின் வேலைகளில் உடனிருந்து பணியாற்றி, தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிகிறோம். தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்றும், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள் என்றும் அறிகிறோம். மேடைகளில் இவற்றை எடுத்தோதும் ஆடவருள் முட்டை அடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என எண்ணினால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. நுரை பொங்க முட்டை அடிப்பதற்குத் தோள்வலி வேண்டும். இளைஞர்க்கு உரிய வேலை அது.

அளவு எழுதிவைக்கப்படாமையும் ஒரு குறையே. மேலே நாம் கிராமிலும் மில்லியிலும் தந்தது, ஆழாக்கிலும் கைப்பிடியிலும் செய்து காட்டிய ஒருவர் அருகே அமர்ந்து, அவர் அள்ள அள்ள நிறுத்துக் குறித்துக்கொண்டது. "எவ்வளவு நெய்?" என்றால், "சட்டி கேக்குற அளவு" என்பார். சட்டி கேட்பது அவர் செவிக்கு மட்டுமே எட்டியது. அளவோடு சொற்களும் போகின்றன. பலர் சூழ்ந்து உண்ணும் பெருந்தட்டாகிய சகன், பலகாரம் வைக்கும் பிஞ்ஞான், ஓலையை வாரும் பதம், தணலைத் தட்டும் பதம் ஆகியவற்றை அடுத்த தலைமுறை எச்சொல்லால் குறிக்கும்? இத்துறை மாணவர்கள் ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்து, தத்தம் ஊர் மூதாட்டியரிடம் ஒரு பலகாரம், ஒரு கைவேலை என்று கேட்டு எழுதினால் அதுவே நல்லதோர் ஆய்வேடு ஆகும்.

நம் இல்லத்தில் அப்படி ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறோம். பதினேழு பக்கங்கள் நிறைந்துள்ளன. துதலுக்கென ஒதுக்கிய பக்கம் மட்டும் தலைப்போடு நிற்கிறது. அதைக் கிளறிக் காட்ட வல்லவருக்கு இந்த ஆண்டு தோளில் வலி; மழைக்காலம் கழியட்டும் என்றிருக்கிறார். அவர் அருகில் அமர்ந்து சொல்ல, கிளறும் பொறுப்பை வீட்டு இளைஞர் இருவர் ஏற்றிருக்கின்றனர்.